பேய்க்கு ‘ங்க’ வராது

பேய் விளையாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணியைப் போல ஆகாத நேரம் வேறு கிடையாது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அந்த நேரத்துக்குப் பேயே வந்தாலும், மாடிப்படி ஏறிய களைப்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர்தான் கேட்கும். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கீழ்வீட்டில் மிக்ஸி ஓடியது. கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் சாணி வாசனை வேறு. இத்தனைக்கும் நடுவில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, டியூப்லைட்டை அணைத்து, ஒரே ஒரு மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு வினோதா உட்கார்ந்திருந்தாள். ஆட வேண்டிய மூன்று பேருக்கும் ஷிப்டு ஒத்துவந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

வினோதா சிப்காட்டில் டூவீலருக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக டிரெயினி. அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தபோது ஹாஸ்டல் பெண்கள் அவளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டிருந்தார்கள். இதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக மாறிப் போவார்கள். ‘கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே இருட்டு, என்ன செய்கிறாய்?’ என்று அவள் கேட்பாள். இவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஹாஸ்டலில் கதை நடத்துவது எப்போதும் வினோதாதான். அவள் குரலைத் தாழ்த்திய ராத்திரிகளில் அடுத்த அறைப் பெண்கள் பாத்ரூமுக்குத் துணை தேடினார்கள். ஓசூருக்கு வந்த பிறகு ஆட ஆளில்லை. பகடைகள் ஒரு பழைய டிபன் பாக்ஸில் கிடந்தன. அதைத் திறந்து பார்த்து மூடுகிற போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு ஆசையாக இருக்கும்.

காரியத்தைக் கெடுத்தவள் சுஜாதா. வினோதாவோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவள், அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை, வாயில் எதுவும் நிற்காது. ஆட மூன்று பேராவது வேண்டும். சுஜாதா ஒன்று, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கோபி இரண்டு. மூன்றாவது ஆளைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு நடுவே அவள் சத்தமாகப் பேச, பக்கத்து மேஜையிலிருந்து ஒரு தலை திரும்பியது.

“பேய் விளையாட்டா? நானும் வர்றேன்.”

தலைக்குச் சொந்தக்காரர் ஹரீஷ்குமார், வினோதாவின் லைன் இன்சார்ஜ். முப்பது வயதுதான். அவன் என்று சொல்வதா அவர் என்று சொல்வதா என்று நமக்கும் குழப்பம்தான். வினோதாவின் பக்கத்தில் நின்று சொல்கிற கதை என்பதால், இப்போதைக்கு அவர் என்றே வைத்துக்கொள்வோம்.

வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. இந்த மாதத்தோடு அவளுடைய டிரெயினி காலம் முடிகிறது. லைனில் ஆறு டிரெயினிகள், பர்மனென்ட் இடம் இரண்டு. எந்த இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமைக்குள் எச்.ஆருக்கு அனுப்ப வேண்டியவர் இந்த ஹரீஷ்குமார்தான். கிடைக்காதவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். வினோதாவுக்கு ஊர் என்பது அஞ்செட்டிப் பக்கம். ஹரீஷ்குமாருக்கும் அதே ஊர்தான் என்பது இன்னும் வம்பு.

அவருடைய அப்பா வெங்கடப்பனுக்கு அங்கே பதினெட்டு ஏக்கர். அந்தப் பதினெட்டு ஏக்கரிலும் முப்பது வருஷமாக மண்வெட்டி பிடிப்பவர் வினோதாவின் அப்பா சென்றாயன். வெங்கடப்பன் கிணற்று மேட்டில் நின்று “டேய் சென்றாயா!” என்று ஒரு குரல் கொடுத்தால், வினோதாவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை அப்படியே நிற்கும். இத்தனைக்கும் சென்றாயன் அவரைவிட மூன்று வயது மூத்தவர். ஹரீஷ்குமார் பத்து வயதில் டவுசர் போட்டுக்கொண்டு வந்து “சென்றாயா, உன்னை அப்பா கூப்புடறாரு” என்பார். “இதோ வந்துட்டனுங்க” என்று அப்பா எழுந்து ஓடுவார். வினோதாவுக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். எரிந்தால் என்ன, கம்பெனியிலும் அவளுக்கு அவர் “சார்”, அவருக்கு அவள் “ஏய் வினோதா”.

மூன்று பேரும் கூடினார்கள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் யாரும் சொல்லாமலே ஹரீஷ்குமார் உட்கார்ந்தார். மற்றவர்கள் பாயில்.

வினோதா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். மேலே ‘கேரக்டர் ஷீட்’ என்று போட்டிருந்தது.

“இது எதுக்கு? கேரக்டர் சர்டிஃபிகேட்டெல்லாம் வேலையில சேரும்போதே குடுத்தாச்சே,” என்றார் ஹரீஷ்குமார்.

“அது நல்ல கேரக்டர்னு குடுக்கறது சார். இதுல எந்தக் கேரக்டரா வேணா இருக்கலாம். குடிகாரன், திருடன், யாரா வேணாலும்.”

“அப்ப எனக்கு ரெண்டு தாளு குடு,” என்றான் கோபி.

அவள் பொறுமையாக விளக்கினாள். பத்து முகமுள்ள பகடைகள் இரண்டு. ஒன்று பத்தாம் இடத்துக்கு, மற்றது ஒன்றாம் இடத்துக்கு; சேர்த்து உருட்டினால் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண் விழும். தாளில் உள்ள எண்ணுக்குக் கீழே விழுந்தால் காரியம் நடக்கும், மேலே போனால் நடக்காது. ஆளுக்குக் கொஞ்சம் தெம்பு உண்டு. கண்றாவியான எதையாவது பார்த்தால் தெம்பு குறையும். சுத்தமாகத் தீர்ந்தால் ஆளுக்குப் புத்தி கலங்கிவிடும்.

“இன்னொன்னு. இதுல நான் பேசுனா, பேசறது நான் இல்ல. வாட்ச்மேனா பேசுவேன், டீக்கடைக்காரரா பேசுவேன், பேயாவும் பேசுவேன். யாரும் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சுஜாதா வீட்டுமனை புரோக்கர் ஆனாள். கோபி பாழடைந்த கட்டடங்களை வீடியோ எடுத்துப் போடும் யூடியூபர் ஆனான். ஹரீஷ்குமார் தாளில் தொழில் என்ற இடத்தில் ‘எம்.டி.’ என்று எழுதினார். பெயர் என்ற இடத்தில் ‘ஹரீஷ்குமார்’.

“சார், பேரு வேற வெச்சுக்கலாம்.”

“எதுக்கு? இது நல்லாத்தானே இருக்குது.”

கதை தொடங்கியது. கிருஷ்ணகிரி ரோட்டில் ஆறு வருஷமாக மூடிக் கிடக்கும் ஒரு கிரானைட் பாலிஷ் ஃபேக்டரி. மூடுவதற்கு முந்தின நாள் அங்கே ஒரு தொழிலாளி கல்லுக்கடியில் சிக்கிச் செத்தான், விஷயத்தை அமுக்கிவிட்டார்கள். இப்போது எம்.டி. அதை விற்கப் பார்க்கிறார். புரோக்கர் கூட வருகிறாள். வீடியோ எடுக்கக் கோபியும் ஒட்டிக்கொள்கிறான். ஷட்டரைத் தூக்குகிறார்கள்.

அங்கேதான் வினோதாவின் நாக்கு சிக்கியது.

பெங்களூரில் விளையாட்டு இங்கிலீஷில் நடந்தது. அதில் ‘யூ’ என்று ஒரே சொல். கலெக்டருக்கும் யூ, கசாப்புக்காரனுக்கும் யூ, பேய் கூப்பிட்டாலும் யூ. வினோதா இரண்டு வருஷம் அந்தச் சொல்லிலேயே வண்டியை ஓட்டியிருந்தாள். தமிழில் வாயைத் திறந்த மாத்திரத்தில் எதிரே இருப்பது நீயா, நீங்களா என்று முடிவு பண்ணியாக வேண்டும். கோபி, சுஜாதா விஷயத்தில் முடிவு தானாக வந்தது.

“கோபி, உன் பின்னால யாரோ மூச்சு விடறாங்க. திரும்பாத. ‘டேய்... திரும்பாதடா’ன்னு காதுக்குள்ள ஒரு குரல் கேக்குது.”

கோபிக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அதை விளக்குக்குப் பக்கத்தில் நீட்டி எல்லோருக்கும் காட்டினான். வினோதாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்தது எம்.டி.யின் முறை.

“சார், நீங்க இன்னும் உள்ள வர்றீங்க. இருட்டா இருக்குதுங்க. உங்க தோள் மேல ஒரு கை... வெக்குதுங்க. ‘யாருங்க அது?’ன்னு ஒரு குரல் கேக்குது.”

சொல்லும்போதே அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஏன் குரு,” என்றான் கோபி. அவனுக்குப் பாதி வாய் கன்னடம், யாரைப் பார்த்தாலும் குரு. “பேய் எனக்கு மட்டும் டேயா? அதுக்கும் எம்.டி. யாருன்னு தெரியுதா?”

“ஹோட்டல் சப்ளையர் மாதிரியில்ல பேசுது,” என்றாள் சுஜாதா. “சூடா என்ன இருக்குன்னு கேளுங்க சார்.”

ஹரீஷ்குமாருக்கு மட்டும் பேயைப் பிடித்துப்போயிற்று. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நல்ல பேயாத்தான் இருக்குது. ஏய், உனக்கு என்ன குறை? எதா இருந்தாலும் நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாரு.”

அதன் பிறகு ஒரு மணி நேரம் விளையாட்டு செத்துப் பிழைத்தது. எம்.டி. பேயிடம் ஐடி கார்டு கேட்டார். எந்த ஷிப்டு என்று விசாரித்தார். பேய் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க சார்” என்றது. கோபி கொட்டாவி விட்டான். சுஜாதா ஃபோனை எடுத்தாள்.

வினோதா டீ போடுகிற சாக்கில் சமையல்கட்டுக்கு எழுந்து போனாள். சுஜாதா பின்னாலேயே வந்தாள்.

“ஏன்டி, நீ அந்தாளுக்குப் பேய் காட்றியா, காபி குடுக்கறியா?”

“புதன்கிழமை ஃபாரம் போவுதுடி.”

“அதுக்கு?”

“அவரை எப்படிடி ‘டேய்’ங்கறது? வாய் வரமாட்டேங்குது. சின்ன வயசுலேர்ந்து வரல.”

“உன்னை யாரு சொல்லச் சொன்னா? சொல்றது அந்தக் கல்லுக்கடியில செத்தவன். அவனுக்கென்ன, பர்மனென்ட் ஆவணுமா?”

சுஜாதா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வினோதா கொதிக்கிற டீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செத்தவனுக்கு ஃபாரம் கிடையாது, எச்.ஆர். கிடையாது, அஞ்செட்டியில் மண்வெட்டி பிடிக்கிற அப்பா கிடையாது. அப்படிப்பட்டவன்கூட ஹரீஷ்குமாரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பேயைக் கெடுத்தது தன்னுடைய நாக்குதான் என்று நினைத்தபோது ஆத்திரம் இரண்டு மடங்கானது. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு மத்தியானம் இது. போனால் போகட்டும் என்று அடுப்பை அணைத்தாள்.

திரும்பி வந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். “சார், நீங்க ஃபேக்டரிக்குப் பின்னால போறீங்க. தரையில பெரிய கல்லு. அதுக்கடியில ஏதோ அசையுது. உருட்டுங்க.”

ஹரீஷ்குமார் அலட்சியமாகப் பகடையை வீசினார். தொண்ணூற்றேழு விழுந்தது.

“தெம்பு பாதிக்கு மேல போச்சு,” என்றாள். பேய்க்கு ஒரு குரல் வேண்டுமே என்று தேடினாள். பெங்களூர்ப் பேய்கள் எதுவும் இந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை. அதட்டுகிற குரல் என்று அவள் பிறந்ததிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். யோசித்து முடிப்பதற்குள் அது அவள் அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது.

“டேய் அரிசு.”

ஹரீஷ் என்ற பெயர் வாயில் நுழையாத ஊர்க்காரர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வினோதா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. குரல் கனமாக, அவசரமே இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற மாதிரி வந்தது.

“எந்திரிடா.”

ஹரீஷ்குமார் எழுந்தான். ஆமாம், எழுந்தான்தான். இந்த நேரத்தில் ‘ர்’ போட யாருக்கும் ஞாபகம் வராது. நாற்காலி பின்னால் சரிந்து விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. கோபி சிரிக்க வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

“என் மேல கல்லு விழுந்தப்ப எங்கடா போன?”

“இங்கதானுங்க இருந்தேன்.”

“எங்கடா?”

“மோட்டர் ரூம்லதானுங்க. நான் ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க வந்தேன். சத்தியமா நான் இல்லிங்க.”

கதையில் மோட்டர் ரூமே கிடையாது. அது எந்தக் கிணற்று மோட்டர் ரூம் என்பது அங்கே வினோதா ஒருத்திக்குத்தான் தெரியும். வெங்கடப்பன் வீட்டில் பெற்ற பிள்ளையும் அப்பாவிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசவேண்டும் என்று அவள் அம்மா சரசம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நல்ல பெண் நிறுத்தியிருப்பாள். வினோதாவுக்கோ நாக்கு ருசி கண்டுவிட்டது.

“கையைக் கட்டுடா.”

கட்டினான்.

“கல்லைத் தூக்குடா. பாக்கறான் பாரு. தூக்குடான்னா!”

அவன் குனிந்து, இல்லாத கல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. சுஜாதா வாய்க்குள் கந்தனைக் கூப்பிட ஆரம்பித்தாள். “விட்டுடுங்க,” என்றான் ஹரீஷ்குமார். “இனிமே பண்ண மாட்டனுங்க. விட்டுடுங்க.”

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் பத்துப் பையன்கள் ஒரே குரலில் “அவுட்டு!” என்று கத்தினார்கள். கோபி அலறிக்கொண்டு எகிறியதில் விளக்கு கவிழ்ந்தது. யாரோ போர்வையைப் பிடித்து இழுக்க, நாலரை மணி வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. அறை நடுவில் ஹரீஷ்குமார் காற்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

மெதுவாகக் கைகளை இறக்கினான். டீயை ஒரே மடக்கில் குடித்தான். கீழே இறங்கி, கோபியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

“செம குரு!” என்றான் கோபி. “அடுத்த வாரம் எத்தன மணிக்கு?”

வினோதா சரிந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு வருஷ வேலையை இரண்டு நிமிஷ வாயால் தின்றுவிட்டோம் என்று தோன்றியது. கூடவே, வெட்கக்கேடு, வயிற்றுக்குள் ஒரு சிரிப்பும் முட்டிக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை ஹரீஷ்குமார் அவள் லைன் பக்கமே வரவில்லை. ஒரு நாள்கூட வராமல் இருக்கிற மனிதர் இல்லை. மற்ற ஐந்து டிரெயினிகளையும் கூப்பிட்டுப் பேசினார், அவளை மட்டும் கூப்பிடவில்லை. ராத்திரி அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேபினுக்குக் கூப்பிட்டார். பிரஸ் ஷாப் ஓரத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. மேஜை மேல் ஃபாரம் இருந்தது. ஆறு பெயர். ஒரு பெயருக்கு நேரே டிக் விழுந்திருந்தது, அது அவளுடையது இல்லை. ஹரீஷ்குமார் மறுபடியும் முழு அவராக ஆகியிருந்தார். பேனாவைத் திறந்து மூடித் திறந்தார்.

“அந்தக் குரலை எங்க கத்துக்கின?”

பொய் சொல்லலாம். ஏதோ வாயில் வந்தது சார் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவள் அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“எங்கப்பாவை உங்கப்பா கூப்புடறது சார். தெனமும் கேட்டது.”

பேனா நின்றது. வெளியே பிரஸ் மிஷின் நாலு தடவை இடித்தது. முடிந்தது, பையைக் கட்டவேண்டியதுதான் என்று வினோதா நினைத்தாள்.

“எங்களையும் அப்படித்தான் கூப்புடுவாரு,” என்றார் ஹரீஷ்குமார், ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே. “அம்மாவைக் கூட. உங்கப்பாவாவது சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாரு.”

அவர் சட்டென்று குனிந்து அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். ஆனால் ஃபாரத்தை உறையில் போடாமல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.

“உன் செக்கிங்ல ஒரு ரிஜெக்‌ஷன் கூட வந்ததில்ல, அதனால போட்டேன். அது வேற. இப்ப ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, ஃபாரம் எப்படியும் போயிரும்.”

“சொல்லுங்க சார்.”

“ஞாயித்துக்கிழமை எங்கப்பா கண்ணு டாக்டரைப் பாக்க ஓசூர் வர்றாரு. சாயங்காலம் பஸ்ஸு வரைக்கும் சும்மாதான் இருப்பாரு. புதுசா ஒரு விளையாட்டு இருக்குதுன்னு சொல்லி உங்க வீட்டுக்குக் கூட்டியாரேன்.” அவர் கண்ணில் டவுசர் போட்ட பையனின் திருட்டுத்தனம் வந்து உட்கார்ந்தது. “அந்தக் குரல்ல அவரை ஒரே ஒரு தடவை கூப்புடணும்.”

“சார், எங்கப்பா அங்கதான் வேலை செய்யறாரு.”

“நீயா கூப்புடறே? பேய் கூப்புடுது. நீதானே சொன்ன, யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு.”

“அவரு கோவிச்சுக்கிட்டா?”

“என்னைத்தான் வெளுப்பாரு, உன்னையும் உங்கப்பாவையும் விட்டுருவாரு. கூட்டியாந்தது நான்தானே.” அவர் சிரிக்கவில்லை. “யோசிச்சுச் சொல்லு. போ.”

அவள் மிஷினுக்குத் திரும்பி வந்தாள். காதில் பஞ்சடைப்பானைச் செருகிக்கொண்டாள். நூறு டன் பிரஸ் மேலேயும் கீழேயும் இடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்று கத்தினாலும் யாருக்கும் எதுவும் கேட்காது. கையில் ஒரு தகட்டை எடுத்து அளவு பார்த்தபடி, உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

“டேய் வெங்கடப்பாங்க.”

சீ என்று தலையை உதறினாள். அடுத்த தகட்டை எடுத்தாள். இந்தத் தடவை ‘டேய்’ வந்தது, பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கிணற்று மேட்டை நினைத்தாள். மேட்டில் அவள் அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிரஸ் இறங்கியது, அந்தச் சத்தத்தையும் மீறிக் குரல் வந்தது.

“டேய் வெங்கடப்பா!”

எதிர் லைனில் போய்க்கொண்டிருந்த கோபி ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.